ஒரே வீட்டில் இரண்டு குடும்பப் பெயர்கள்: அனுபவப் பகிர்வு

கலிபோர்னியாவின் ஓக்லாந்திலிருந்து எழுதுகிறேன்:

நாங்கள் இந்த வீட்டுக்குக் குடிவந்த முதல் மாதத்தில், உடன் தங்கியிருந்த என் தந்தைக்கு வந்த கடிதம் ஒன்று தவறுதலாகப் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. அதைக் கொண்டுவந்து கொடுத்த சீன முதியவர், உறையின் மேலிருந்த பெயரையும் வாசலில் ஒட்டியிருந்த என் பெயரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பாவுக்கும் மகனுக்கும் குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே?" என்று கேட்டார். நம் வழக்கத்தில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, தந்தையின் பெயரே பிள்ளைக்கு இரண்டாம் பெயராகிறது, ஆகவே தலைமுறைதோறும் அது மாறும் என்று, இந்த நாட்டு வங்கிகளிலும் பள்ளிகளிலும் எத்தனையோ முறை சொல்லி அலுத்த விளக்கத்தை அவருக்கும் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "எங்கள் வீட்டிலும் இரண்டு பெயர்கள் உண்டு, ஆனால் அது வழக்கத்தால் வந்தது அன்று" என்றார்.

அந்தக் கதையை அவர் ஒரே நாளில் சொல்லவில்லை. வேலியோரப் பேச்சுகளில் துண்டு துண்டாகக் கேட்டவற்றை இங்கே கோத்துத் தருகிறேன். சீனத் தொழிலாளர் அமெரிக்காவுக்குள் வருவதை 1882ஆம் ஆண்டுச் சட்டம் தடுத்தது. வணிகர், மாணவர் போன்ற சிலருக்கு மட்டும் விலக்கு இருந்தது. ஏற்கெனவே இங்கிருந்த சீனர்களும் குடியுரிமை பெற முடியாது. ஆனால் இங்கே பிறந்தவர் குடிமகன், அவருடைய பிள்ளைகளும் குடிமக்கள். 1906இல் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தையொட்டி மூண்ட தீயில் நகரத்தின் பிறப்புப் பதிவேடுகள் எரிந்துபோயின. அதன்பின் தாங்கள் இங்கேயே பிறந்தவர்கள் என்று பலர் பதிந்துகொண்டார்கள். ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு மகன் பிறந்ததாகவும் அறிவித்து, அந்த இல்லாத மகனின் இடத்தை வேறொரு குடும்பத்துப் பையனுக்கு விற்றார்கள். இப்படி வந்தவர்களைக் 'காகித மகன்கள்' என்கிறார்கள். முதியவரின் தந்தை 1937இல், பதினைந்து வயதில், அப்படித்தான், வந்தவர்களை அடைத்துவைத்து விசாரித்த சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவின் ஏஞ்சல் தீவில் வந்து இறங்கினார்.

அங்கே நடந்த விசாரணையைப் பற்றிக் கேட்டபோதுதான் எனக்கு உண்மையில் திகைப்பு ஏற்பட்டது. உன் வீட்டிலிருந்து கிணறு எவ்வளவு தூரம், உன் வரிசையில் மூன்றாவது வீட்டில் யார் குடியிருக்கிறார், வீட்டுக்கு எத்தனை சன்னல்கள் என்றெல்லாம் நாள்கணக்கில் கேட்பார்களாம். பையன் சொன்ன விடைகளைத் தந்தையென்று வந்து நிற்பவரின் விடைகளோடு ஒப்பிட்டு, முரண்பாடு கண்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆகவே அந்தப் பையன், தான் ஒருநாளும் பார்த்திராத ஒரு வீட்டின் வாசலையும் அடுப்பங்கரையையும் கப்பலில் மனப்பாடம் செய்துகொண்டே வந்து, கரை தெரிந்ததும் குறிப்புத்தாள்களைக் கடலில் எறிந்துவிட்டான்.

சென்ற ஆண்டு ஏப்ரலில், முன்னோர் கல்லறைகளைத் துப்புரவு செய்து வணங்கும் சிங்மிங் நாளில், அவர் என்னையும் உடன் அழைத்துச் சென்றார். அவருடைய தந்தையின் கல்லில் ஆங்கில எழுத்தில் இருப்பது விலைக்கு வாங்கிய பெயர். அதன் பக்கத்தில் சீன எழுத்தில் செதுக்கப்பட்டிருப்பது பிறந்த குலத்தின் பெயர். 1956இல் அரசு, உண்மையை ஒப்புக்கொள்வோருக்கென ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தபோதும் அந்தத் தந்தை வாய் திறக்கவில்லை. தான் ஒப்புக்கொண்டால் அதே காகிதக் குடும்பத்தின் பெயரில் வந்த மற்றவர்களும் அகப்பட்டுக்கொள்வார்கள் என்பதே காரணமாம்.

வாஷிங்டன் மாநிலத்தின் டகோமாவிலிருந்து:

ஓக்லாந்து நண்பர் எழுதியதைப் படித்தபின் இதைச் சொல்லத் தோன்றியது. எங்கள் ஊர்க் கடற்கரையில் சீன நல்லிணக்கப் பூங்கா ஒன்று இருக்கிறது. சீனப் பாணி மண்டபம், பாலம், நல்ல காற்று. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பலமுறை போயிருந்தும், அங்குள்ள பலகைகளை நான் நின்று படித்ததில்லை. ஒரு மழைநாளில் மண்டபத்தில் ஒதுங்கியபோது, அருகில் நின்ற வயதான வெள்ளைக்கார அம்மையார் ஒருவர், "அன்றும் இப்படித்தான் மழை" என்று தாமாகவே பேசத் தொடங்கினார்.

1885 நவம்பர் 3 அன்று, ஆயுதம் தாங்கிய நூற்றுக்கணக்கானோர் இந்த ஊரின் சீனர்களை வீடு வீடாக வெளியேற்றி, ஏறத்தாழ இருநூறு பேரை மழையில் லேக்வியூ ரயில் நிலையம் வரை நடத்திச் சென்றார்கள். அடுத்த சில நாள்களில் சீனர் குடியிருப்பு எரிக்கப்பட்டது. கூட்டத்தில் நகரத் தலைவர் வைஸ்பாக்கும் இருந்தார். இருபத்தேழு பேர்மீது குற்றம் சாட்டப்பட்டும் ஒருவருக்கும் தண்டனை கிடைக்கவில்லை. அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்புதான் வயோமிங்கில் ராக் ஸ்பிரிங்ஸ் நிலக்கரிச் சுரங்கத்தில் குறைந்தது 28 சீனர்கள் கொல்லப்பட்டிருந்தார்கள்.

என்னை உறுத்துவது வேறொன்று. இந்த வைஸ்பாக் ஜெர்மனியில் பிறந்து இங்கே குடியேறியவர். சான் பிரான்சிஸ்கோவில் 1877 முதல் கூட்டந்தோறும் "சீனர் வெளியேற வேண்டும்" என்று முழங்கிய டெனிஸ் கியர்னி அயர்லாந்தில் பிறந்தவர். அவர் அமெரிக்கக் குடிமகனாகி அப்போது ஓராண்டு கூட ஆகியிருக்குமோ என்னவோ! 1844இல் பிலடெல்பியாவில் ஐரிஷ் கத்தோலிக்கரின் தேவாலயங்களை எரித்தவர்கள், அந்த மக்களைப் பற்றிச் சொன்ன குற்றச்சாட்டுகளும் ஏறக்குறைய சீனர்மீது சொல்லப்பட்டவையேதாம்: கூலியைக் குறைக்கிறார்கள், நம்மோடு ஒட்டமாட்டார்கள், வேறொரு தலைமைக்குக் கட்டுப்பட்டவர்கள்.

டல்லாஸிலிருந்து:

மனம் நோகாமல் கேட்கிறேன். நடந்தவை கொடுமை என்பதில் ஐயமில்லை. ஆயினும் பொய்ப் பத்திரத்தில் வந்தவரை நாம் ஏன் இவ்வளவு பரிவோடு பேசவேண்டும்? இங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் பச்சை அட்டைக்குப் பதினான்கு ஆண்டுகளாக வரிசையில் நிற்கிறேன். ஒரு தாளில்கூடப் பொய் எழுதியதில்லை.

பெர்க்லியிலிருந்து:

டல்லாஸ் நண்பருக்கு என் அனுபவத்தையே விடையாக வைக்கிறேன். நான் நாள்தோறும் கடந்து செல்லும் தெரு ஒன்றுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் கலா பகாய் என்று பெயர் மாற்றினார்கள். இந்தியப் பெயராக இருக்கிறதே என்று தேடிப் படித்தேன். அவரும் கணவர் வைஷ்ணோ தாஸ் பகாயும் மூன்று மகன்களுடன் 1915இல் வந்தவர்கள். பொய்ப் பத்திரம் எதுவும் இல்லை. கையில் பணமும் இருந்தது. பெர்க்லியில் வீடு வாங்கிச் சாமான்களோடு வந்தபோது, அக்கம்பக்கத்தார் அவர்களை உள்ளே நுழையவிடாமல் வீட்டைப் பூட்டிவிட்டார்கள். 1921இல் கணவர் குடிமகனானார். இரண்டு ஆண்டுகள் கழித்து, பகத் சிங் திந்த் என்பவரின் வழக்கில், சாமானிய மக்கள் புரிந்துகொள்ளும் பொருளில் இந்தியர் வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதியற்றவர் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்ததைத் தொடர்ந்து பகாயின் குடியுரிமையும் பறிக்கப்பட்டது. 1928இல் கடிதம் எழுதி வைத்துவிட்டு அவர் உயிரை மாய்த்துக்கொண்டார்.

சீனருக்கான தடை 1943இல் நீங்கியபோது ஆண்டுக்கு 105 பேர் வரலாம் என்றார்கள். நமக்கு 1946இல் 100 பேர். நாம் நின்று அலுக்கிற வரிசைகூட 1965ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்துக்குப் பிறகுதான் உண்டாயிற்று. அன்று அவர்கள் நிற்பதற்கு வரிசையே இருக்கவில்லை, நண்பரே.

மீண்டும் ஓக்லாந்திலிருந்து:

டல்லாஸ் நண்பரின் கேள்வி தவறானது அன்று. நானே அதை முதியவரிடம் சற்றுச் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறேன். அவர் கோபப்படவில்லை. "என் அப்பாவும் அதைப் பொய் என்றுதான் சொல்வார். அதனால்தான் சாகும்வரை அஞ்சல்காரரைக் கண்டாலும் பயந்தார்" என்றார்.

சென்ற மாதம் என் தந்தையை ஏஞ்சல் தீவுக்கு அழைத்துச் சென்றேன். படகிறங்கும் இடத்திலிருந்து ஒரு மைலுக்கு மேல் நடக்கவேண்டும், தொடக்கத்திலேயே ஏராளமான படிகள் உண்டு, முதியோரோடு போவோர் கவனத்தில் கொள்ளவும். தங்குமனையின் மரச்சுவர்களில், அடைபட்டுக் கிடந்தவர்கள் செதுக்கிய சீனக் கவிதைகள் மேலே பூசிய வண்ணத்தையும் மீறித் தெரிகின்றன. 1970இல் ஒரு பூங்காக் காவலர் கவனித்திராவிட்டால் கட்டடத்தோடு அவையும் இடிபட்டிருக்கும். விசாரணைக் கேள்விகளை நான் மொழிபெயர்த்துச் சொன்னபோது, தந்தை விளையாட்டாக, "சரி, நம் ஊர் வீட்டுத் திண்ணைக்கு ஏற எத்தனை படி?" என்று என்னிடம் கேட்டார். நான் நான்கு என்றேன். அவர் ஐந்து என்றார். விடாமல் அங்கிருந்தே ஊருக்குத் தொலைபேசியில் அழைத்து, இன்னும் அந்த வீட்டிலேயே இருக்கும் சித்தியிடம் கேட்டோம். அவர் போய் எண்ணிவிட்டு வந்து, மூன்று என்றார்.