திராட்டில் ஏற்றினால் அடங்கிவிடும் அவுட்போர்டு எஞ்சின்: வழி சொல்லுங்கள்

பழவேற்காட்டில் ஃபைபர் படகு வைத்துத் தொழில் செய்கிறோம். படகின் பின்னால் மாட்டும் எஞ்சின் 9.9 எச்.பி., டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், ஒரே கார்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து விடும் பாகம்). மழைக்காலம் முழுக்கக் கரையில் கிடந்தது. தை மாதம் இறக்கியதிலிருந்து இந்தத் தொல்லை. ஸ்டார்ட் ஆவதில் குறையில்லை, ஐடிலிங்கும் சீராக இருக்கிறது. திராட்டிலை, அதாவது வேகம் கூட்டும் பிடியை, முக்காலுக்கு மேல் திருப்பினால் மூச்சடைத்த மாதிரி அடங்கிவிடுகிறது. கார்பரேட்டருக்குப் போகும் காற்றைக் குறைக்கும் சோக்கைப் பாதி இழுத்தால் உடனே வேகம் பிடிக்கிறது. ஹோஸில் இருக்கும் கைப்பம்பை அழுத்தினாலும் மாற்றம் இல்லை.

கார்பரேட்டரைக் கழற்றியபோது கிண்ணத்தின் அடியில் பிசின் மாதிரி படிவு, வேகத்தில் பெட்ரோல் விடும் சிறு துளைத் திருகான மெயின் ஜெட்டின் மரையில் பச்சைக் களிம்பு. கிளீனரில் ஊறவைத்து, காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், துளை சுத்தம். மிதவை உயரம் சரி. ஊசி, கேஸ்கெட் கிட், ஃபில்டர், பிளக் எல்லாம் புதிது. டேங்க் மூடியின் காற்றுத் திருகு திறந்தே இருக்கிறது. ஏர் ஸ்க்ரூவைத் திருகினால் ஐடிலிங் மட்டும்தான் மாறுகிறது.

முகத்துவாரத்தில் அலை உடையும் இடத்தில் எஞ்சின் நின்றால் படகு குறுக்கே திரும்பிவிடும். அதனால் கடலுக்குப் போகாமல் இருக்கிறோம்.

அண்ணன்மார்களே, கார்பரேட்டருக்குள் இன்னும் அடைப்பா, இல்லை கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் வளையம்) வழியாகக் காற்று இழுக்கிறதா என்பதை எஞ்சினைப் பிரிக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது?