ஸ்லோ குக்கர் இறைச்சி: மறுநாள் அடிக்கும் பழைய வாடை

6 லிட்டர் ஸ்லோ குக்கர், பீங்கான் பாத்திரம். ஒன்றரை கிலோ மாட்டுத் தோள்கறி, ஒரு கப் தண்ணீர், 'லோ'வில் 8 மணி நேரம். அன்றிரவு கரண்டி பட்டாலே பிரிகிறது, குறையே இல்லை. மீதியை மறுநாள் சூடாக்கினால்தான் வம்பு: வாயில் சக்கை, கூடவே ஒரு பழைய வாடை.

மைக்ரோவேவில் பாதி பவரில், அடுப்பில் சிறு தீயில், இரண்டும் பார்த்தாயிற்று. உதிர்க்காமல் பெரிய துண்டுகளாகச் சாற்றிலேயே மூழ்கவைத்து, அகலமான டப்பாவில் 2 மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்தால் ஈரம் நிற்கிறது. வாடை மட்டும் போகவில்லை. (குக்கரிலேயே மறுபடி சூடாக்கச் சொல்லாதீர்கள், மெல்லச் சூடேறுவதற்குள் கிருமி பெருகிவிடும்.)

கொழுப்பில் காற்று படுவதால்தான் இந்த வாடை. மேலே உறையும் கொழுப்பை இதுவரை வழித்தெடுத்துவிடுகிறேன். சூடாக்கும்வரை அதை மூடிபோல அப்படியே விட்டுவைத்தால் வாடை குறையுமா?