ஏர் பிஸ்டலில் சைட் இரண்டும் நேராக நிற்க எந்தப் பயிற்சிக் கருவி வாங்கலாம்?

மலைக்கோட்டை44:

வணக்கம். திருச்சிக்காரி, வயது 44, பஸ் டிப்போ ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியபோது பிடித்துக்கொண்ட ஆர்வம் இது. இப்போது வேலை முடிந்ததும் முடிந்தவரை ரேஞ்சுக்குப் போய்விடுகிறேன். 10 மீட்டர் ஏர் பிஸ்டல். கிளப் துப்பாக்கிதான், சொந்தமாக இன்னும் வாங்கவில்லை.

கை ஓரளவு நிற்கிறது என்று கோச் சொல்கிறார். எனக்கும் அப்படித்தான் தெரிகிறது. ஆனால் "இது நிச்சயம் நடு வளையம், பத்து" என்று நினைத்துச் சுடும் குண்டு ஏழில் போய் உட்காருகிறது. பெரும்பாலும் இடது பக்கம், கீழே. எனக்கு வலது கைப் பழக்கம். "டார்கெட்டைப் பார்க்காதீங்க, ஃப்ரண்ட் சைட்டைப் பாருங்க" என்பதுதான் கோச் திரும்பத் திரும்பச் சொல்வது. குழல் முனையில் நிற்கும் அந்தச் சின்னத் தூணைத்தான் நானும் பார்க்க முயல்கிறேன். டிரிகரை அழுத்தும் நேரத்தில் கண் தானாகக் கறுப்பு வட்டத்துக்கு ஓடிவிடுகிறது. போதாக்குறைக்கு ஃப்ரண்ட் சைட்டே கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது.

இதற்கென்று விற்கும் கருவிகளைத் தேடிப் பார்த்தேன். குழல் முனையில் செருகும் லேசர், மேலே மாட்டி, உள்ளே தெரியும் சிவப்புப் புள்ளியால் குறிபார்க்கும் ரெட் டாட், கணினியோடு இணையும் ஸ்காட், விதவிதமான சுடுதல் கண்ணாடிகள். பாரிஸில் துருக்கியின் யூசுஃப் டிகேச் இது எதுவும் இல்லாமல் சாதாரணக் கண்ணாடியோடு நின்று கலப்பு அணியில் வெள்ளி வாங்கினாரே, அப்படியென்றால் இவையெல்லாம் தேவையே இல்லையா? பணம் செலவழிக்கத் தயார்தான், வீணாகக் கூடாது. அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்.


கரூர் கேடட்:

அக்கா, என்சிசியில் எங்களுக்குக் குறிபார்க்கக் கற்றுக்கொடுத்த முறை ஒன்று இருக்கிறது, செலவே கிடையாது. துப்பாக்கியை மணல் மூட்டைமேல் அசையாமல் வைத்துவிடுவார்கள். எதிரே பலகையில் வெள்ளைத் தாள். ஒருவர் நடுவில் ஓட்டை போட்ட சின்ன வட்ட அட்டையைத் தாள்மேல் நகர்த்துவார். குறிபார்ப்பவர் துப்பாக்கியைத் தொடாமல் சைட் வழியாகப் பார்த்து "வலது, மேலே, நிறுத்து" என்று சொல்ல வேண்டும். நிறுத்து என்றதும் ஓட்டை வழியாகப் பென்சிலால் ஒரு புள்ளி. இப்படி மூன்று தடவை. மூன்று புள்ளியையும் இணைத்தால் ஒரு முக்கோணம் வரும். அது எவ்வளவு சின்னதோ அந்த அளவுக்கு உங்கள் கண் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி குறிபார்க்கிறது என்று அர்த்தம். கை நடுக்கமும் டிரிகரும் இதில் நுழையவே முடியாது என்பதுதான் இதன் சிறப்பு.


ஈரோடு ரேஞ்ச் மேடம்:

கரூர் தம்பி சொன்னது அருமையான பயிற்சி. ஆனால் ஒரு விஷயம்: அதில் அட்டையை நகர்த்துபவர் குழலுக்கு நேர் எதிரே நிற்கிறார். துப்பாக்கி காலி என்று எத்தனை முறை பார்த்திருந்தாலும் என் ரேஞ்சில் அதை அனுமதிக்க மாட்டேன். அதே பயிற்சியைத் துப்பாக்கியே இல்லாமல் செய்யலாம், கீழே சொல்கிறேன்.

மலைக்கோட்டை, முதலில் ஒரு கணக்கு. இது மனதில் பதிந்துவிட்டால் எதை வாங்குவது என்ற கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

ஏர் பிஸ்டலில் இரண்டு சைட்டுக்கும் இடையே சுமார் 33 செ.மீ. டார்கெட் 10 மீட்டரில். அதாவது முப்பது மடங்கு தூரம். கண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் ரியர் சைட்டின் வெட்டுக்குள் ஃப்ரண்ட் சைட் 1 மி.மீ. விலகினால், டார்கெட்டில் குண்டு 30 மி.மீ. விலகும். பத்து வளையத்தின் விட்டமே 11.5 மி.மீ. தான், அடுத்தடுத்த வளையம் ஒவ்வொன்றும் 8 மி.மீ. தள்ளி இருக்கிறது. நடுவிலிருந்து 30 மி.மீ. என்றால் கணக்குப்படி ஏழு. உங்கள் ஏழு எங்கிருந்து வருகிறது என்று இப்போது தெரிகிறதா? 0.3 மி.மீ. விலகினாலே பத்து ஒன்பதாகிவிடும்.

இன்னொரு பக்கம் பாருங்கள். சைட் இரண்டும் தங்களுக்குள் நேராக இருந்து, கை மட்டும் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். குறி டார்கெட்டில் 5 மி.மீ. அலைந்தால் குண்டும் அந்த 5 மி.மீ.க்குள்தான் விழும். அது பத்துதான். புதிதாக வருபவர்கள் எல்லாரும் கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் கை ஆட்டத்தோடு சண்டை போடுகிறார்கள். ஆட்டத்தை நிறுத்தும் அவசரத்தில், "இதோ நடுவில் வந்துவிட்டது" என்று டிரிகரை வெடுக்கென்று இழுக்கிறார்கள். வலது கைக்காரர் மொத்த முஷ்டியையும் இறுக்கினால் குழல் முனை கீழேயும் இடதுபுறமும் சாயும். உங்கள் குண்டுகள் இருக்கும் அதே இடம். அந்த நொடியில் கண் டார்கெட்டில் இருப்பதால் ஃப்ரண்ட் சைட் சாய்ந்ததை நீங்கள் பார்க்கவே இல்லை.

ஆகவே உங்களுக்குத் தேவை, ஃப்ரண்ட் சைட்டில் கண்ணை நிறுத்தப் பழக்கும் கருவி. நீங்கள் சொன்ன பட்டியலை அதை வைத்து எடை போடுங்கள்.

ரெட் டாட் வேண்டவே வேண்டாம். அதில் புள்ளி ஒன்றுதான் உண்டு; இரண்டு சைட்டை நேராக்கும் வேலையே கிடையாது. புள்ளியையும் டார்கெட்டையும் பார்த்தால் போதும் என்று கண் பழகிவிடும். போட்டியில் அதை மாட்டவும் முடியாது, 10 மீட்டர் ஏர் பிஸ்டலில் திறந்த சைட் மட்டுமே.

லேசரும் இந்தக் கட்டத்தில் வேண்டாம். டிரிகர் விட்டதும் சுவரில் சிவப்பாக ஒன்று மின்னும். அதைப் பார்க்கத்தான் கண் ஓடும். எந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்று கேட்டீர்களோ, அதற்கே பணம் கொடுத்துத் தீனி போடுவதாகிவிடும்.

ஸ்காட் உண்மையிலேயே நல்ல கருவி. குழலில் மாட்டிய சென்சார், குறி எப்படி அலைந்தது என்று கோடாக வரைந்து காட்டும். கடைசி நொடியைத் தனி நிறத்தில் காட்டும். ஆனால் அது காட்டுவது குழல் எங்கே பார்த்தது என்பதை. உங்கள் கண் எங்கே பார்த்தது என்று அதற்குத் தெரியாது. விலையும் அதிகம். கிளப்பில் இருந்தால் பயன்படுத்துங்கள், இப்போது நீங்களாக வாங்காதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்?

ஒரு ரீப்பர் கட்டை, கறுப்பு சார்ட் அட்டை, இரண்டு கிளிப். கட்டையின் ஒரு முனையில் மேல் விளிம்பில் 5 மி.மீ. அகலத்துக்குச் சதுரமாக ஒரு வெட்டு விட்ட அட்டையை நிறுத்துங்கள், இது ரியர் சைட். அங்கிருந்து 33 செ.மீ. தள்ளி 4.5 மி.மீ. அகலத்தில் ஒரு தூண், இது ஃப்ரண்ட் சைட். அதை ஒட்டிவிடாமல் கிளிப்பில் செருகுங்கள், நகர வேண்டும். கட்டையின் பின்முனையைப் பிடித்துக் கையை நீட்டிப் பார்த்தால், தூணின் இரண்டு பக்கமும் ஒரே அளவு வெளிச்சக் கீற்று தெரிய வேண்டும், மேல் விளிம்புகள் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். கட்டையை ஒரு மேசையில் உயரம் கொடுத்து அசையாமல் வையுங்கள். நீங்கள் கண்ணை மூடிக்கொள்ள, வீட்டில் யாராவது அந்தத் தூணைத் துளி நகர்த்தட்டும். கண்ணைத் திறந்ததும் எந்தப் பக்கம், எவ்வளவு என்று சொல்லுங்கள். முதலில் 1 மி.மீ. விலகினால்தான் தெரியும். பழகப் பழக அரை மி.மீ., அதற்கும் குறைவு. நான் பிள்ளைகளுக்குத் துப்பாக்கியைக் கையில் கொடுப்பதற்கு முன்பே இதைத்தான் கொடுக்கிறேன். பத்து வயதுப் பிள்ளை ஒன்று "மிஸ், இடது கீற்று மெலிசா இருக்கு" என்று சொல்லும்போது எனக்கு வரும் சந்தோஷம் மெடல் வாங்கினால்கூட வராது. கரூர் தம்பியின் முக்கோணத்தையும் இதே கட்டையில் செய்யலாம், எதிரே ஆள் நிற்பதில் எந்த ஆபத்தும் இல்லை.

இரண்டாவது, வெள்ளைச் சுவர். பெல்லட் (குண்டு) டப்பா அந்த அறையிலேயே இருக்கக் கூடாது. துப்பாக்கி காலி என்று திறந்து பாருங்கள், சுவருக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை என்றும் பாருங்கள். பிறகு டிரை ஃபயர், அதாவது பெல்லட் இல்லாமல் டிரிகரை மட்டும் அழுத்துவது. சுவரில் புள்ளியோ வட்டமோ எதுவும் வேண்டாம். கண் ஓடிப் போக இடமே இல்லாதபோது ஃப்ரண்ட் சைட்டில் தங்கிவிடும். டிரிகர் விடும் கணத்தில் அந்தத் தூண் சாய்கிறதா என்று மட்டும் பாருங்கள். இப்போதைய போட்டி பிஸ்டல்களில் இதற்கென்று தனி வசதி உண்டு. ஸ்பிரிங் வகைத் துப்பாக்கியில் மட்டும் பெல்லட் இல்லாமல் சுடாதீர்கள், உள்ளே அடிபடும்.

மூன்றாவது, ரேஞ்சில் டார்கெட் அட்டையைத் திருப்பி மாட்டுங்கள். வெற்று வெள்ளைப் பக்கம். அதில் ஐந்து ஐந்தாகச் சுட்டு, குண்டுகள் எவ்வளவு நெருங்கி விழுகின்றன என்று மட்டும் பாருங்கள். குறி வைக்க எதுவுமே இல்லாத அட்டையில் எப்படிக் குண்டுகள் கூடும் என்று கேட்பார்கள். சைட் நேராக இருந்தால் கூடும்.

டிகேச் பற்றி: பாரிஸ் அவருக்கு ஐந்தாவது ஒலிம்பிக்ஸ். அவர் எதையும் மாட்டாததைப் பார்த்து எல்லாரும் வியந்தார்கள். அவர் சைட் எங்கே நின்றது என்று நீங்கள் பாருங்கள்.


பெருங்குடி அப்பா:

மேடம், லேசரைப் பற்றி மட்டும் மாறுபடுகிறேன். என் மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன். சும்மா டிரை ஃபயர் செய்யச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் எழுந்து போய்விடுவான். லேசர் வந்தபிறகு அரை மணி நேரம் நிற்கிறான். தினமும் பிஸ்டலைக் கையில் எடுக்க வைப்பதும் ஒரு பயன்தானே?


ஈரோடு ரேஞ்ச் மேடம்:

அது பெரிய பயன்தான், மறுக்கவில்லை. அப்படியென்றால் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். சிவப்புப் புள்ளியைப் பார்ப்பது உங்கள் வேலை, அவன் பார்க்கக் கூடாது. சுட்டதும் ஃப்ரண்ட் சைட்டைப் பார்த்தபடியே "வலது, கொஞ்சம் மேலே" என்று அவன் முதலில் சொல்ல வேண்டும். அதன்பிறகு நீங்கள் சுவரில் பார்த்ததைச் சொல்லுங்கள். இரண்டும் ஒத்துப்போனால் அவன் சைட்டைப் பார்க்கிறான். ஒத்துப்போகவில்லை என்றால் கண் வேறெங்கோ இருந்தது. இப்படிச் செய்தால் அந்த லேசர் உண்மையான பயிற்சிக் கருவியாகிவிடும். ரேஞ்சிலும் மானிட்டரைத் திரும்பிப் பார்க்கும் முன்பு குண்டு எங்கே போனது என்று வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்துங்கள்.


மதுரை ஆப்டோமெட்ரி:

ஃப்ரண்ட் சைட் மங்கல் என்று சொன்னதை யாரும் தொடவில்லை, அதனால் எழுதுகிறேன். 44 வயதில் கண்ணின் லென்ஸ் கிட்டப் பொருளுக்கு வளைந்துகொடுப்பது குறைந்துவிடும். நீட்டிய கையில் ஃப்ரண்ட் சைட் கண்ணிலிருந்து சுமார் ஒரு மீட்டரில் இருக்கிறது. அதைக் கூர்மையாகப் பார்க்கக் கண் சிரமப்பட்டால், சுலபமாகத் தெரியும் தூரத்துக்கே போகும். உங்கள் கண் டார்கெட்டுக்கு ஓடுவதில் இதற்கும் பங்கு இருக்கலாம். எவ்வளவு மனதைக் கட்டுப்படுத்தினாலும் இந்தப் பகுதி மாறாது.

கண் பரிசோதனைக்குப் போகும்போது கையை நீட்டி, கண்ணிலிருந்து ஃப்ரண்ட் சைட் வரை டேப் வைத்து அளந்து எழுதிக்கொண்டு போங்கள். தூரப் பார்வைக்கான உங்கள் பவரோடு +0.50 அல்லது +0.75 சேர்த்தால் பெரும்பாலும் ஃப்ரண்ட் சைட் கூர்மையாகும், கறுப்பு வட்டம் லேசாக மங்கினாலும் தெரியும். மேடம் சொன்ன கட்டையை எடுத்துப் போய் அங்கேயே சோதனை லென்ஸ் போட்டுப் பாருங்கள். ஒரே பவர் கண்ணாடியாக இருக்கட்டும். புரோகிரெசிவ் கண்ணாடியில் தலை கொஞ்சம் சாய்ந்தால் பவர் மாறும், சுடுவதற்கு ஆகாது. படிக்கும் கண்ணாடியும் சரிப்படாது, அதன் பவர் அதிகம், டார்கெட் கரைந்தே போய்விடும்.

இன்னொன்று, மற்றக் கண்ணை இடுக்கி மூடாதீர்கள். அறுபது குண்டு முடிவதற்குள் முகத் தசை களைத்து, குறிபார்க்கும் கண்ணும் சேர்ந்து களைக்கும். அந்தக் கண்ணாடிமேல் பால் நிற டேப் ஒட்டினால் போதும். போட்டிக்கு 30 மி.மீ. அகலத்துக்குள் மறைப்பு வைத்துக்கொள்ள விதி அனுமதிக்கிறது.


மலைக்கோட்டை44:

எல்லாருக்கும் நன்றி. கட்டை செய்துவிட்டேன், அம்மாதான் தூணை நகர்த்துகிறார். இடது வலது விலகல் சட்டென்று பிடிபடுகிறது, உயர வித்தியாசம்தான் தெரியமாட்டேன் என்கிறது. கண் பரிசோதனைக்கும் நேரம் வாங்கியிருக்கிறேன். ஒரு கேள்வி மேடம்: குண்டெல்லாம் இடது கீழே போவதால் ரியர் சைட்டை அதன் திருகாணியால் கிளிக் கிளிக்காகத் திருகி வலது மேலே கொண்டுவரச் சொல்கிறார் பக்கத்து லேனில் சுடுபவர். செய்யலாமா?


ஈரோடு ரேஞ்ச் மேடம்:

இப்போது தொடாதீர்கள். ஐந்து குண்டும் ஒரே இடத்தில் கூடி, அந்தக் கூட்டம் மொத்தமாகத் தள்ளியிருந்தால் மட்டுமே கிளிக். நல்ல குண்டு பத்திலும், வெடுக்கென்று இழுத்தது ஏழிலும் விழும்போது திருகினால், நாளைக்குச் சரியாக விட்ட குண்டு வலது மேலே போகும்.

உயரம் தெரியாததற்கு வெளிச்சத்தைப் பாருங்கள். கட்டைக்குப் பின்னால் வெள்ளைச் சுவரோ ஜன்னலோ இருக்கட்டும், அட்டையின் மேல் விளிம்பை பிளேடால் சுத்தமாக வெட்டுங்கள், கத்தரிக்கோல் வேண்டாம், நார் நிற்கும். விளிம்பு பளபளத்தால் சாக்பீஸ் மாதிரி வெளுத்துத் தெரியும், கறுப்பு மார்க்கரால் பூசிவிடுங்கள். அம்மாவிடம் இனி மேலே கீழே மட்டும் நகர்த்தச் சொல்லுங்கள். புதுக் கண்ணாடி வந்ததும் திருப்பி மாட்டிய அட்டையில் சுட்டு, அந்த அட்டையைப் படம் எடுத்து இங்கே போடுங்கள்.