வெயிலூரில் வெயில் பிடிக்காதவர்கள் உண்டா? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மேல்மாடிவாசி, சத்துவாச்சாரி

பிறந்தது வேலூர், படித்தது வேலூர், பிழைப்பதும் வேலூர். இருந்தும் எனக்கு வெயில் ஆகாது. இதை வெளியே சொன்னால், மீன் வாடை ஆகாது என்று சொல்லும் மீன்காரரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள். பங்குனி பிறந்த அன்றே என் முகம் சுருங்கிவிடுகிறது என்று மனைவி சொல்கிறாள். உண்மைதான்.

குடியிருப்பது வாடகை வீடு, மூன்றாவது மாடி. தலைக்கு மேல் மொட்டை மாடி, படுக்கையறைக்கு மேற்குப் பார்த்த சுவர். இரவு ஒன்பது மணிக்கு அந்தச் சுவரில் கை வைத்தால் இப்போதுதான் அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல். மதியம் குழாயைத் திறந்தால் வெந்நீர் கொட்டுகிறது. மார்கழியில் இதே குழாயின் முன் நின்று நடுங்கினேனே, அப்போது எங்கே போயிருந்தது இந்த வெந்நீர்?

கத்திரி தொடங்கிய மே 4 அன்று நடந்ததைச் சொல்கிறேன். கோவையிலிருந்து மாமியார் வந்தார். பகல் ஒரு மணிக்குக் காட்பாடி ஸ்டேஷனில் இறங்கியவரை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டேன். ஆட்டோ பிடித்திருக்க வேண்டும், சிக்கனம் பார்த்தது என் தப்பு. பாலாற்றுப் பாலத்தில் ஏறியதும் இரண்டு பக்கமும் மணல், மணலுக்கு மேல் கானல். "இது ஆறா மாப்பிள்ளை?" என்று கேட்டார். ஊரைச் சுற்றி நிற்கும் பாறை மலைகளைப் பார்த்துவிட்டு, "இந்த மலையில் மரமே முளைக்காதா?" என்றார். நீரில்லா ஆறு, மரமில்லா மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில் என்று எங்கள் ஊரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு என்று சொன்னேன். கோட்டைக்குள் இருக்கும் ஜலகண்டேஸ்வரர் 1981இல் கோயிலுக்குத் திரும்பிவிட்டார். மற்ற மூன்றும் அப்படியே இருக்கின்றன. கிரீன் சர்க்கிளில் வண்டிகளோடு வண்டியாக நின்றபோது மாமியார் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். இரண்டு வாரம் தங்க வந்தவர் நான்காம் நாள் ரயில் ஏறிவிட்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. கோவைக்குப் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு மதியத்துக்குள் கடற்காற்று வந்துவிடும். அதே காற்று நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் உள்ளே நடந்து எங்களிடம் வந்து சேர இருட்டிவிடுகிறது; பல நாள் வந்து சேர்வதே இல்லை. பகல் முழுக்க மேற்கிலிருந்து வரும் தரைக்காற்றுதான், அடுப்பு ஊதுவதுபோல்.

என்னைப் போல் வெயிலை வெறுத்துக்கொண்டே இந்த ஊரில் குடும்பம் நடத்துகிறவர்கள் என்னதான் செய்கிறீர்கள்? ஏசி வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். பழைய வயரிங் தாங்காது என்று வீட்டுக்காரர் கையை விரித்துவிட்டார்.

குன்னூர்ப் பெண், குடியாத்தம்

தம்பி, உங்கள் மாமியாராவது நான்கு நாளில் தப்பித்தார். நான் எட்டு வருடமாக மாட்டிக்கொண்டிருக்கிறேன்.

என்னைப் பெண் பார்க்க வந்தது தை மாதம். வீடு பார்க்க நாங்கள் குடியாத்தம் வந்ததும் அதே தை. இதமான காற்று, காலையில் லேசான பனி. தை மாதத்து வேலூர்ச் சீமை யாரையும் ஏமாற்றிவிடும். மாசியில் கல்யாணம். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. நடுக் கத்திரியில், ஊரே தெருவில் நிற்கும் நாள். தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து அம்மன் சிரசு புறப்பட்டுக் கோபாலபுரத்துக்கு வரும். அந்தக் கூட்டத்தில் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு புது மருமகளாக நின்றேன். பத்து மணிக்குள் கண் இருட்டியது. யாரோ ஒரு பாட்டி என்னைத் திண்ணையில் உட்காரவைத்து, குடத்துத் தண்ணீரைப் பட்டுப்புடவையோடு சேர்த்து என் தலையில் கவிழ்த்துவிட்டார். புடவை போனது, எனக்கு உயிர் வந்தது.

அன்று சாயங்காலம் மாமியார் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "நீ வெயிலில் குன்னூர்க் கணக்கில் எழுந்திருக்கிறாய்." அடுத்த நாளிலிருந்து அவர் கணக்கு. நாலரைக்கு எழுந்திருக்க வேண்டும். எட்டு மணிக்குள் மதியச் சமையலும் முடிந்துவிடும், அதன் பிறகு அடுப்பு கிடையாது. ஒன்பது மணிக்கு எல்லா ஜன்னலும் சாத்தப்படும். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. புழுங்குகிறபோது ஜன்னலைத் திறக்கத்தானே தோன்றும்? வெளியே இருப்பது காற்றல்ல, அனல் என்பது இரண்டு வாரத்தில் புரிந்தது. ஆறரைக்கு மேல் எல்லாவற்றையும் திறந்து, வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பார். மத்தியானம் யார் வீட்டுக்கும் போகக்கூடாது, யாரையும் வரச் சொல்லக்கூடாது. அந்த நேரத்தில் கதவைத் தட்டுகிறவர் கொரியர்காரர் மட்டும்தான்; அவருக்கு நீர்மோர் கொடுக்காமல் அனுப்பக்கூடாது என்பதும் கணக்கில் உண்டு.

காலையில் கேழ்வரகுக் கூழ். மாவைக் கரைத்து ஒரு ராத்திரி புளிக்கவைத்து, மறுநாள் நொய்யரிசியோடு காய்ச்சி, ஆறவைத்து, அடுத்த நாள் காலையில் மோர் விட்டுக் கரைக்க வேண்டும். சின்ன வெங்காயம், மோர் மிளகாய் தொட்டுக்கொள்ள. முதல் வருடம் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தேன். இப்போது குன்னூருக்குப் போனால்கூடக் கேட்கிறேன், அங்கே எல்லோரும் சிரிக்கிறார்கள். கூடவே கத்திரிக்காய்க் கடைசல். எங்கள் பக்கத்து முள்ளு கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியுமா? கத்திரி என்ற சொல்லில் எனக்குப் பிடித்தது அது ஒன்றுதான்.

வெயில் பிடித்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஆவணி பிறக்கும்வரை அம்மாவிடம் போனில் புலம்பிக்கொண்டேதான் இருக்கிறேன்.

நுங்குப் பிரியர், வாலாஜாபேட்டை

எனக்கு வெயில் பிடிக்கும். வடகம் ஒரே நாளில் காய்கிறது, துணி அரைமணியில் காய்கிறது, மாம்பழம், நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு எல்லாம் இந்த மாதங்களில்தான். அடிக்க வராதீர்கள்.

மேல்மாடிவாசி, சத்துவாச்சாரி

அடிக்க வரவில்லை ஐயா. நுங்கு வாங்க வெளியே போவது யார் என்பதை மட்டும் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற செவிலியர், காட்பாடி

சிரித்துக்கொண்டே படித்தேன். ஆனால் குன்னூர்ப் பெண்ணுக்குக் கண் இருட்டிய இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. அந்தப் பாட்டி செய்தது மிகச் சரி.

சில வருடங்களுக்கு முன், மே மாத மதியம், பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். மூட்டை தூக்குகிறவர், ஐம்பது வயதிருக்கும், நடந்து வந்தவர் தூணில் சாய்ந்து சரிந்தார். கூட்டம் கூடியது. குடித்திருக்கிறார் என்றார் ஒருவர், ஏனென்றால் அவர் பேச்சு குழறியது. மகள் பெயரைச் சொல்லி யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். தொட்டுப் பார்த்தேன். உடம்பு கொதித்தது, வியர்வையே இல்லை. சோடா வாங்கி வந்த ஒரு பையன் அவர் வாயில் ஊற்றப் போனான், தடுத்தேன். நினைவு தடுமாறுகிறவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குப் போய்விடும். நிழலுக்கு இழுத்தோம், சட்டையைக் கழற்றினோம், பக்கத்துத் தண்ணீர்ப் பந்தலின் பானையை அப்படியே தூக்கி வந்து உடம்பெல்லாம் ஊற்றினோம். கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி. அட்டைப்பெட்டியைக் கிழித்து இரண்டு பேர் விடாமல் விசிறினார்கள். சோடா வாங்கிவந்த பையன்தான் 108க்குப் போன் செய்தான். வண்டி வருவதற்குள் அவர் தன் பெயரைச் சொன்னார். அதற்கு மேல் என்ன ஆனார் என்று எனக்குத் தெரியாது. என் பஸ் வந்துவிட்டது. இன்றுவரை அது உறுத்துகிறது.

வெயில் மயக்கம் வேறு, வெப்பவாதம் வேறு. முதலாவதில் வியர்த்துக் கொட்டும், தலை சுற்றும், கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். நிழல், ஓய்வு, உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீர் என்று கொடுத்தால் தேறிவிடுவார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, எல்லாம் தலைதட்டி. கண்ணளவு வேண்டாம், உப்பு கூடினால் கெடுதல். இரண்டாவதில் உடம்பின் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி மூளை தடுமாறும். பேச்சு குழறினாலே அவசரம் என்று எடுத்துக்கொள்ளுங்கள், வியர்வை இருந்தாலும் சரி. முதலில் குளிர்விக்க வேண்டும், வண்டி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

பேப்பரில் "வேலூரில் 108 டிகிரி" என்று வருவது பாரன்ஹீட் கணக்கு, செல்சியஸில் ஏறத்தாழ 42. அந்த எண்ணும் ஆம்புலன்ஸ் எண்ணும் ஒன்றாக அமைந்தது தற்செயல்தான், ஆனால் மறக்காமல் இருக்க உதவுகிறது.

வீட்டில் வயதானவர்கள் இருந்தால் தாகம் எடுக்கும்வரை விடாதீர்கள். அவர்களுக்குத் தாகம் சரியாகத் தெரியாது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கோடைக்கு முன் மருத்துவரிடம் ஒரு தடவை பேசிவிடுவது நல்லது.

மேஸ்திரி, ஆற்காடு

மூன்றாவது மாடித் தம்பிக்கு. முப்பது வருடமாகக் கூரை போடுகிறேன், அதனால் உங்கள் சுவரைப் பார்க்காமலே சொல்லலாம். முன்பெல்லாம் மாடி என்றால் தேக்கு உத்திரம், செங்கல், சுண்ணாம்பு, மேலே தட்டோடு. கூரை கனமாக இருக்கும், சூடு இறங்கி வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இப்போது ஐந்தங்குலக் கான்கிரீட் போட்டு, தட்டோடு பதிக்கக் காசில்லை என்று வெறுமனே விட்டுவிடுகிறார்கள். அது பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி உங்கள் மேல் கக்குகிறது. ஏப்ரல் 24 வாக்கில் நம் ஊருக்குச் சூரியன் நேர் உச்சி. நடுப்பகலில் கம்பம் நட்டால் நிழல் கம்பத்துக்கு அடியிலேயே இருக்கும். அந்த வாரங்களில் சுவரைவிடக் கூரைதான் அதிகம் வாங்குகிறது.

வீட்டுக்காரரிடம் பேசி மாடிக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு இரண்டு கை அடித்துவிடுங்கள். முதலில் நன்றாகப் பெருக்கிக் கழுவுங்கள், தூசி மேல் அடித்தால் உரிந்துவிடும். ஒட்டுவதற்குக் கொஞ்சம் பசை சேர்க்க வேண்டும். சாயங்காலம் அடியுங்கள், உச்சி வெயிலில் அடித்தால் உடனே காய்ந்து பொடியாக உதிரும். அடுத்த மழைக்காலத்தில் பாதி கரைந்துவிடும், மறுவருடம் திரும்ப அடிக்க வேண்டும். அதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு மேஸ்திரி ஏமாற்றிவிட்டான் என்று வரக்கூடாது. மேற்குச் சுவருக்கு மூங்கில் தட்டி, வெளிப்பக்கம். எல்லோரும் உள்ளே திரை போடுகிறார்கள். வெயில் கண்ணாடி தாண்டி உள்ளே வந்த பிறகு திரை என்ன செய்யும்? தண்ணீர்த் தொட்டி கறுப்பாக இருந்தால் அதற்கும் வெள்ளை அடித்து மேலே கீற்று போடுங்கள்.

ஏர்கூலர் வாங்கினால் ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்ட வேண்டும். சித்திரையின் உலர்ந்த வெயிலில் அது நன்றாக வேலை செய்யும். மேகம் மூடிப் புழுங்குகிற நாளில் சும்மா ஈரத்தைத்தான் இறைக்கும்.

நாங்களும் கோடையில் ஆறு மணிக்கே கலவை போட்டுப் பதினொன்றுக்குள் முடிக்கப் பார்க்கிறோம். எல்லா முதலாளியும் ஒத்துக்கொள்வதில்லை.

இரவு ஷிப்ட், ஜோலார்பேட்டை

ஏலகிரிக்குப் போங்கள் என்று யாராவது சொல்வதற்குள் நான் சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனேன். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகள், மேலே ஆயிரம் மீட்டருக்கு மேல் உயரம். காற்றில் வித்தியாசம் தெரியத்தான் செய்கிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை, ஊரே அங்கே இருந்தது. படகுக்கு வரிசை, சாப்பாட்டுக்கு வரிசை. திரும்பும்போதுதான் கொடுமை. ஒவ்வொரு வளைவு இறங்க இறங்க சூடு ஒரு படி ஏறியது. அடிவாரத்தில் சின்னவள் கேட்டாள், "அப்பா, மறுபடியும் மேலே போகலாமா?"

இன்னொன்று. 2019 ஜூலை 12 அன்று எங்கள் ஸ்டேஷனிலிருந்து சென்னைக்கு முதல் தண்ணீர் ரயில் போனது. 50 வேகன், 25 லட்சம் லிட்டர். வேடிக்கை பார்க்க நானும் போயிருந்தேன். சென்னையின் தாகம் பொய்யில்லை, கொடுக்க வேண்டியதுதான். ஆனால் வண்டி நகர்ந்தபோது, பக்கத்தில் காலிக் குடத்தோடு நின்ற ஒரு அம்மா கையைத் தூக்கி அதற்கு டாட்டா காட்டினார்.

மேல்மாடிவாசி, சத்துவாச்சாரி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். மேஸ்திரி அண்ணன் சொன்னபடி சுண்ணாம்பு அடித்தாயிற்று. செலவில் பாதியை வீட்டுக்காரர் ஏற்றுக்கொண்டார், பாதியை வாடகையில் கழிக்க மறுத்துவிட்டார். இரவு பத்து மணிக்கு அறையில் 36 காட்டிய வெப்பமானி இப்போது 33 காட்டுகிறது. மூங்கில் தட்டி முதல் சூறைக்காற்றிலேயே பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. இப்போது கம்பி வைத்துக் கட்டியிருக்கிறேன். சுண்ணாம்பு அடித்த மாடியில் பகலில் போய் நின்றுவிடாதீர்கள், கண் கூசுகிறது. அங்கே வடகம் காயவைக்கும் கீழ்வீட்டு அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வருகிறார்.

நாலரை மணிக்கு எழுந்திருக்கவும் முயன்றேன். ஐந்தே காலில்தான் முடிகிறது. கூழ் இன்னும் இறங்கவில்லை, பழைய சோறு இறங்குகிறது. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் சொம்பு வைத்து, மணிக்கொரு தடவை குடிக்கவைக்கிறோம். அவருக்கு என் மேல் கோபம்.

நேற்று மாமியார் போன் செய்தார். வீடு இப்போது பரவாயில்லையாமே, மறுபடி எப்போது வரலாம் என்று கேட்டார்.

"தை மாதம் வாருங்கள் அத்தை" என்றேன். குன்னூர் அக்கா, மன்னித்துக்கொள்ளுங்கள்.