திடீரென்று கடிக்கத் தொடங்கிய சன் கோனூர்: என்ன செய்யலாம்?

அல்சூர்வாசி கேட்டது:

வணக்கம். பெங்களூரு அல்சூரில், ஏரியிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கிறோம். எங்களிடம் இரண்டரை வயதுச் சன் கோனூர் கிளி ஒன்று இருக்கிறது. குஞ்சாக வந்தபோது பச்சை படர்ந்திருந்த இறகுகள் பழுத்து மஞ்சளானதைப் பார்த்து மாம்பழம் என்று பெயர் வைத்தோம். சென்ற மாதம் வரை என் தோளைவிட்டு இறங்காத பறவை, மூன்று வாரங்களாக நான் கூண்டை நெருங்கினாலே கழுத்து இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு பாய்கிறது. முந்தாநாள் தண்ணீர்க் கிண்ணத்தை மாற்றக் கையை விட்டபோது, கட்டை விரலுக்கும் சுட்டு விரலுக்கும் நடுவிலுள்ள சதையைக் கவ்வி, விடாமல் ஒரு திருகு திருகியது. நான் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது.

என் கணவரை மட்டும் அது கடிப்பதில்லை. அமெரிக்க நேரத்துக்கு வேலை செய்பவர் என்பதால் அவர் நள்ளிரவு வரை கூடத்தில்தான் இருப்பார். கூண்டும் அங்கேதான் இருக்கிறது. பகலில் வெளியே விட்டால் சோபாவுக்கு அடியில் நுழைந்து மணிக்கணக்கில் செய்தித்தாளைக் கிழித்துக்கொண்டிருக்கும். விளையாட்டுதானே என்று விட்டுவிட்டோம். தீனி எப்போதும்போல் சூரியகாந்தி விதையும், காலையில் சூடான பொங்கலோ தோசை விள்ளலோ. கண் பட்டிருக்கிறது என்று மாமியார் மிளகாய் சுற்றி அடுப்பில் போட்டார். இது நோயா, கோபமா, இல்லை நாங்கள் ஏதேனும் தவறு செய்கிறோமா?

கோரமங்களாக்காரர்:

இடம் கொடுத்ததால் வந்த வினை. இறக்கையை வெட்டிவிட்டு, கடிக்கும்போதெல்லாம் அலகில் ஒரு தட்டுத் தட்டுங்கள். நான்கு நாளில் அடங்கிவிடும்.

பழைய கிளிக்காரி:

மேலே சொன்னதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். அலகில் தட்டினால் கை என்றாலே அடி என்று பறவை புரிந்துகொள்ளும். பறந்து விலக முடியாதபடி இறக்கையையும் வெட்டிவிட்டால், கடிப்பதைத் தவிர அதற்கு வேறு வழியே இருக்காது.

நடத்தை திடீரென்று மாறினால் முதலில் போக வேண்டிய இடம் பறவை பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம். நோயுற்ற பறவை கூடியவரை அதை வெளிக்காட்டாது. வலியும் கடியாக வெளிப்படலாம். ஹெப்பாலில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. போகும்போது அன்றைய எச்சம் விழுந்த காகிதத்தையும் எடுத்துச் செல்லுங்கள். இனிமேல் தினமும் காலையில் தீனிக்கு முன் சமையலறைத் தராசில் கிராம் கணக்கில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள்.

உடலில் கோளாறு இல்லையென்றால், நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் மூன்று செய்திகளே விடை என்பது என் எண்ணம். சன் கோனூர் தென் அமெரிக்காவில், கயானாவையும் பிரேசிலின் வட கோடியையும் சேர்ந்த பறவை; நிலநடுக்கோட்டை ஒட்டிய அந்தப் பகுதியில் ஆண்டு முழுவதும் பகல் ஏறத்தாழ 12 மணி நேரம். பெங்களூரிலேயே ஆண்டின் மிக நீண்ட பகல் 13 மணி நேரத்தைத் தொடுவதில்லை. உங்கள் கூடத்திலோ காலை ஆறு மணி முதல் நள்ளிரவு வரை வெளிச்சம். பகல் நீண்டு, மெத்தென்ற சூடான உணவு தாராளமாகக் கிடைத்து, இருட்டான பொந்தும் அமைந்துவிட்டால், பல கிளி இனங்களுக்கு அது இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டது என்பதற்கான அறிகுறி. இரண்டு வயதை ஒட்டிக் கோனூர்கள் பருவத்துக்கு வருகின்றன. சோபாவுக்கு அடியில் காகிதம் கிழிப்பது விளையாட்டில்லை, கூட்டுக்கான ஏற்பாடு. உங்கள் கணவரை அது இணையாக வரித்துக்கொண்டிருக்கிறது, நீங்கள் போட்டிக்காரி.

இரவு ஏழு, ஏழரைக்கு மேல் இருட்டும் அமைதியும் உள்ள அறையில் தூங்க விடுங்கள். 11 முதல் 12 மணி நேரம் வேண்டும். சோபாவின் அடியை அடைத்துவிடுங்கள். யார் தடவினாலும் தலையோடும் கன்னத்தோடும் நிறுத்திக்கொள்ள வேண்டும். முதுகையும் இறக்கைக்கு அடியையும் தடவுவது அதற்கு இணை சேர அழைப்பு. கோனூரில் ஆண், பெண் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் டி.என்.ஏ. சோதனை செய்துகொள்வது நல்லது. பெண்ணாக இருந்து, வயிறு உப்பி, கூண்டின் தரையில் உட்கார்ந்து முக்கினால், முட்டை அடைத்திருக்கலாம். அப்போது ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

மிளகாய் பற்றி ஒரு வார்த்தை. கிளிகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது, ஆனால் புகை அவற்றின் நுரையீரலுக்கு ஆகாது. அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

மல்லேஸ்வரத்துக் காக்கட்டீல்:

அம்மா, கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவினீர்களா? ஆழமான காயமென்றால் டெட்டனஸ் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கடிக்கும்போது அலறுவதும் கையை உதறுவதும் பறவைக்கு வேடிக்கையாகவோ வெற்றியாகவோ படும். சத்தமில்லாமல் அருகிலுள்ள தாங்கியில் இறக்கிவிட்டு, ஒரு நிமிடம் முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள். என் பறவையை நான் மீட்டது நூடுல்ஸோடு வரும் மூங்கில் குச்சியால். கிண்ணத்திலிருந்து சூரியகாந்தி விதையை அறவே எடுத்துவிட்டு, அதைக் கூலியாக மட்டும் வைத்துக்கொண்டேன். கம்பிக்கு வெளியே குச்சியைக் காட்டி, அதன் நுனியை அலகால் தொட்டால் ஒரு விதை. ஒரு வேளைக்கு ஐந்து நிமிடம் போதும். கண்ணின் பாவை சட்சட்டென்று சுருங்கி விரிந்தாலோ, வால் விசிறிபோல் விரிந்தாலோ, அன்றைக்குக் கடை கட்டிவிட வேண்டும். அந்த எச்சரிக்கையைக் கவனிக்காமல் நான் வாங்கிய கடிகளே அதிகம்.

அல்சூர்வாசி (ஐந்து வாரங்களுக்குப் பிறகு):

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. மருத்துவர் பார்த்துவிட்டு நோய் எதுவும் இல்லை என்றார். எடை 112 கிராம். சோதனையில் பெண் என்று வந்தது. விதையைக் குறைத்து, கேரட், கீரை, முளைகட்டிய பயறு எனச் சிறிது சிறிதாகப் பழக்குகிறோம். கூண்டில் சுண்ணாம்புச் சத்துக்காகக் கணவாய் மீனின் ஓடு ஒன்றும் கட்டியிருக்கிறோம்.

சோபாவின் அடியைப் பலகையால் அடைத்த அன்று, அதன் முன்னால் நின்று அரை மணி நேரம் எங்களைத் திட்டித் தீர்த்தது. முதல் இரண்டு வாரங்கள் கடி குறையவே இல்லை. மூன்றாவது வாரத்தில்தான் காகிதம் கிழிப்பது நின்றது. இப்போது குச்சியைத் தொடுகிறது, தாங்கியில் ஏறுகிறது, தோளுக்கு நானே இன்னும் அழைக்கவில்லை. கணவர் அருகில் இருந்தால் மட்டும் பழைய பாய்ச்சல் எட்டிப் பார்க்கிறது.

தூங்குவதற்குச் சிறிய கூண்டொன்றை மாமியாரின் அறையில் வைத்திருக்கிறோம். வீட்டில் எட்டு மணிக்குள் விளக்கை அணைப்பவர் அவர் ஒருவர்தான். ‘கடிக்கிற கிளியோடு நான் படுப்பதா’ என்று முதலில் மறுத்தவர், நேற்றுக் காலை தாமாகவே குச்சியை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.