மறுமொழி: மெனிங்கோகாக்கல் தொற்றின் ‘புறநடைத் தோற்றம்’

> ‘உறைப்புறத் தொற்று’ என்ற ஒரே சொல் போதாதா?

வணக்கம் ஐயா,

மூளையுறை அழற்சியை உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் என்ற கிருமி சில வேளை வேறு நோய் போல வருகிறது. அப்படி வருவதற்கு நம் கலைச்சொல் பட்டியலுக்காக ஒரு தமிழ்ச் சொல் தேடுகிறோம்.

போதாது. ‘உறைப்புறம்’ என்பது மூளையுறைக்கு வெளியே என்று இடத்தை மட்டுமே காட்டும். ஊதாத் தடிப்புகளோடு வரும் குருதி நச்சும் மூளையுறைக்கு வெளியேதான் நிகழ்கிறது. ஆனால் பாடநூலில் உள்ள வழக்கமான படம் அது. நாம் தேடுவது, மெனிங்கோகாக்கஸ் என்ற ஐயமே எழாதபடி வரும் நோய்க்கான சொல்.

‘அரிய’ என்பதும் சரிப்படாது. 2024 மார்ச்சில் அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சி.டி.சி. எச்சரித்த ஒய் வகை மெனிங்கோகாக்கஸின் ஒரு கிளையால் (எஸ்.டி.-1466) 2023இல் நோயுற்றவர்களில் 64 விழுக்காட்டினருக்கு வந்தது மூளையுறை அழற்சி அல்ல, குருதித் தொற்று, குறைந்தது 4 விழுக்காட்டினருக்குச் சீழ் மூட்டழற்சி. பாதிக்கு மேல் வருவதை அரிது என்பதா?

இதே கிருமியின் டபிள்யூ வகை இன்னும் பொல்லாதது. இங்கிலாந்தில் பதின்வயதினர் சிலருக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு என்றே தொடங்கியது. வயிற்றுக் கோளாறு என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டால் சில மணி நேரத்தில் குருதி அழுத்தம் சரியும் அதிர்ச்சி நிலை வந்துவிடலாம்.

இக்கிருமியால் வரும் சிறுநீர்வழி அழற்சியில், நுண்ணோக்கியில் பார்க்கக் கிருமிக்கு ஏற்றும் கிராம் சாயமும் கைவிடும்: வெள்ளணுக்களுக்குள் தெரியும் இரட்டைக் கோளங்கள், பாலுறவால் பரவும் கொனோரியாவின் கிருமி போலவே இருக்கும். மரபணுப் பரிசோதனையில் கொனோரியா இல்லை என்று வந்தால்தான் ஐயம் பிறக்கும். நுரையீரல் அழற்சியில் சளி வளர்ப்பை மட்டும் நம்பக்கூடாது. நோயில்லாதவர் தொண்டையிலும் இக்கிருமி குடியிருக்கும். குருதி வளர்ப்பு வேண்டும். கண் அழற்சிக்குச் சொட்டு மருந்து மட்டும் போதாது, உடல் முழுதும் பரவும் நுண்ணுயிர்க்கொல்லியும் தேவை. இல்லையேல் கிருமி குருதிக்குள் இறங்கிவிடக்கூடும்.

எனவே ‘புறநடைத் தோற்றம்’. ஈழத்தில் விதிவிலக்குக்கு வழங்கும் சொல்தானே.

---

> எனவே ‘புறநடைத் தோற்றம்’

நானும் இடையில் புகுகிறேன். ‘புறநடை’க்கு என் வாக்கு உண்டு. ‘தோற்றம்’தான் இடிக்கிறது. ‘நோய்த் தோற்றம்’ என்றால் நோய் எங்கிருந்து வந்தது என்றே பலர் படிப்பார்கள். அதற்குப் பதில் ‘வெளிப்பாடு’ எனலாம். அச்சொல் மரபணுவியலிலும் உண்டு. ஆனால் அங்கே ‘மரபணு’ என்ற அடை முன்னால் வந்துவிடும், குழப்பமில்லை.

‘மாறு வெளிப்பாடு’ வேண்டாம். கிருமி திரிந்துவிட்டது என்று பொருள்படும். கிருமிப் பெயரையும் ஒலிபெயர்ப்பாகவே விடுவோம். ‘மூளைக்காய்ச்சல் கிருமியால் மூட்டழற்சி’ என்று எழுதினால் படிப்பவர் கவனம் தலைக்குப் போய்விடும். போதாக்குறைக்கு, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸால் வருவது.

பட்டியலில் இப்படிச் சேர்க்கலாமா?

புறநடை வெளிப்பாடு: நோயின் வழக்கமான அறிகுறிகள் இன்றி, வேறு நோய் போல வெளிப்படுதல். எ-டு: மெனிங்கோகாக்கல் மூட்டழற்சி.