வீடியோ ஓடினா மட்டும் கொதிக்கிற லப்டொப்: கண்டதை எழுதுங்கோ

கரடிப்போக்கு:
ஐ5, ஆறாம் தலைமுறை. வேர்ட், எக்செல் எண்டா சத்தமில்லாமல் கிடக்கும். உயர்தரப் பௌதிகவியல் பாடம் ஒண்டை யூடியூப்பில போட்டா ரெண்டு நிமிசத்தில ஃபான் கத்தும், விசைப்பலகையின்ர மேல்வரிசையில விரல் வைக்கேலாது. ஃபான் துடைச்சு, சிப்பின்ர சூட்டைக் கடத்திற பேஸ்ட் மாத்தி, கடைசியில மதர்போட் பழுதெண்டு சொல்லி அனுப்பின மெசின்.

ஓடுற வீடியோவுக்கு மேல வலது கிளிக் அடிச்சு, 'ஸ்டாட்ஸ் ஃபோர் நேர்ட்ஸ்' திறந்தா 'கோடெக்ஸ்' வரியில, அதாவது வீடியோவைச் சுருக்கி வைச்சிருக்கிற முறையைச் சொல்லுற வரியில, ஏவி01 (ஏவி1). விசயம் அவ்வளவுதான். இன்ரெல்லில ஏவி1 ஐ விரிக்கிற வன்பொருள் 2020 இல, 11ஆம் தலைமுறையோடதான் வந்தது. அதுக்கு முந்தின சிப் எல்லாம் சிபியு கோர்களைப் பிழிஞ்சு ஃபிரேம் ஃபிரேமா விரிக்க வேணும். ஃபயர்பொக்ஸில 'எபவுட்:கொன்ஃபிக்' போய் 'மீடியா.ஏவி1.எனேபிள்ட்' ஐ 'ஃபோல்ஸ்' ஆக்கினா விபி09 (விபி9) வந்து நிண்டது. அதுவும் அந்தச் சிப்புக்குப் பாரம்தான். யூடியூப்பை எச்.264 இல மட்டும் தரவைக்கிற எச்264ஐஃபை நீட்சியையும் போட்டு ஏவிசி1 (எச்.264) வந்த பிறகுதான் டாஸ்க் மனேஜரில சிபியு 80 வீதத்தில இருந்து 20 இக்குக் கீழ விழுந்தது. ஜிபியு (கிராஃபிக்ஸ்) பக்கத்தில, வன்பொருள் விரிக்குதெண்டு காட்டுற 'வீடியோ டிகோட்' கோடு அப்பதான் முதல்முதலா எழும்பினது. மதர்போட் எண்டு சொன்னவர் அந்தக் கோட்டை ஒருக்காக்கூடப் பார்க்கேல்லை. அதுதான் இன்னும் குடையுது.

ஒட்டுசுட்டான்:
தம்பி, கோடெக் கதை சரி. ஆனா உங்கட பக்கம் தார் றோட்டு, இஞ்ச கிரவல் றோட்டு. கச்சான் காத்துக் காலத்தில வாற மெசினுகளில பாதிக்கு ஃபானுக்கும் சூட்டை வெளியேத்திற ஹீட்சிங்க் தகடுகளுக்கும் இடையில செம்மண்ணும் பஞ்சும் சேர்ந்து கம்பளித்துண்டு மாதிரி ஒண்டு படிஞ்சிருக்கும். குறட்டால பிடிச்சு இழுத்தா ஒரே துண்டா வரும். வெளியில இருந்து பார்த்தா ஓட்டையெல்லாம் துப்பரவு, தகடு பளபளக்கும், ஏனெண்டா அடைப்பு உள்பக்கத்தில. வெளியில இருந்து காத்தடிச்சா அது ஃபானுக்குள்ள போய்ச் சிதறுமே தவிர வெளியில வராது. கீழ்மூடியைக் கழட்டி, பற்றரி இணைப்பை எடுத்துப்போட்டு, ஃபானின்ர மூண்டு நாலு ஸ்குரூவைக் கழட்டித்தான் எடுக்க வேணும். காத்தடிக்கேக்க இறகை ஒரு ஈர்க்கால தடுத்துப் பிடியுங்கோ. கண்டபடி சுத்தினா பெயாரிங் போகும்.

மல்லாவி ரீச்சர்:
ஒட்டுசுட்டான் அண்ணை, தூசெண்டா பெரிய எக்செல் கணக்குப் போட்டாலும் சூடேற வேணும். வீடியோவுக்கு மட்டும் ஏறினா முதல்ல மென்பொருள்தான்.

பாடசாலை மெசின் ஒண்டு. விண்டோஸ் புதுசாப் போட்டுக் குடுத்த பிறகு எந்த வீடியோவும் கொதி. 480 இல வைச்சாலும் கொதி. துப்புக் குடுத்தது சூடு இல்லை, வெளிச்சம்: திரையின்ர பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கிற பட்டை வேலை செய்யேல்லை. டிவைஸ் மனேஜரில 'டிஸ்ப்ளே அடாப்டர்ஸ்' ஐ விரிச்சா இன்ரெல் எண்ட பேரே இல்லை, 'மைக்ரோசொஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' எண்டு கிடக்கு. கிராஃபிக்ஸ் டிரைவர் இல்லாட்டி எந்தக் கோடெக்குக்கும் வன்பொருள் உதவி இல்லை, ஏவிசி1 எண்டாலும் சிபியுதான் சுமக்கும். எச்264ஐஃபை போட்டு ஒரு பிரயோசனமும் வராது. விண்டோஸ் அப்டேட்டில 'ஒப்ஷனல் அப்டேட்ஸ்' இக்குள்ள டிரைவர் கிடக்கும். ஃபோன் டேட்டாவில இறக்கிறவை அளவைப் பார்த்து இறக்குங்கோ, சிலது ஒரு ஜிபியைத் தாண்டும்.

புதுக்குடியிருப்பு:
தகரக் கூரைக்குக் கீழ, மத்தியானம் ரெண்டு மணி, கட்டில் மெத்தைக்கு மேல மெசின். உறிஞ்சிற ஓட்டை முழுக்க மெத்தைக்குள்ள. 98 பாகையில நிண்டு வீடியோ விக்கி விக்கி ஓடினது. கீழ ஒரு பலகையும் நாலு மூலைக்கு நாலு சோடாப்போத்தல் மூடியும் வைக்க 80 இக்கு வந்தது. கதை அவ்வளவுதான்.

இனி ஒருத்தரும் கேக்காத ஒண்டு. மேல ஒருத்தரும் வீடியோ தின்னுற டேட்டாவைப் பற்றிக் கதைக்கேல்லை. அதே தெளிவுக்கு எச்.264 கூட டேட்டா தின்னும், விபி9 குறைய, ஏவி1 இன்னும் குறைய. அதுக்காகத்தான் யூடியூப் புதுசைத் தள்ளுது. பிள்ளையள் பக்கேஜ் போட்டுப் படிக்கிற வீட்டில எல்லாத்தையும் எச்.264 ஆக்கி விட்டா மாசக் கடைசியில சிக்னல் இருக்கும், டேட்டா இராது. ஆகையால சிப்பைப் பார்த்துச் செய்யுங்கோ. இன்ரெல் 7ஆம் தலைமுறையில இருந்து 10 வரைக்கும் விபி9 வன்பொருளிலயே விரியும், அதுகளுக்கு ஏவி1 ஐ மட்டும் தடுத்தாக் காணும். ஆறும் அதுக்குக் கீழயும் எண்டாத்தான் எச்.264. அப்பவும் 720 இல வையுங்கோ. 1366 அகலத் திரையில 1080 போட்டு ஒண்டும் கூடத் தெரியப் போறேல்லை. யூடியூப்பில எச்.264 எப்பிடியும் 1080 இக்கு மேல போகாது.

அடுத்தது, பவர் ஒப்ஷன்ஸில 'மக்சிமம் புரொசெசர் ஸ்டேட்' ஐ 99 ஆக்கச் சொல்லி ஊரெல்லாம் சொல்லித் திரியினம். அது டேர்போவை, அதாவது சிப் தானா வேகம் கூட்டிறதை, நிப்பாட்டும், சூடும் உண்மையா விழும். ஆனா ஐ5 8250யு 3.4 கிகாஹேர்ட்ஸ் வரைக்கும் போறது 1.6 இல கட்டுப்பட்டு நிக்கும். வீடியோவைச் சிபியு விரிச்சுக்கொண்டிருக்கேக்க இதைச் செய்தா 1080, 60 ஃபிரேம் வீடியோ விக்கத் தொடங்கும். ஸ்டாட்ஸில 'டிரொப்ட்' எண்டு வாற, விட்டுப்போன ஃபிரேம்களின்ர எண்ணிக்கை ஏறுறதைப் பாருங்கோ. முதல்ல வீடியோ டிகோட் கோட்டை எழுப்புங்கோ, பிறகு வேணுமெண்டா 99 போடுங்கோ.

பேஸ்ட் பூசிறவை: லப்டொப் சிப்புக்கு மேல மூடி இல்லை, கண்ணாடி மாதிரி வெறும் சிலிக்கன்தான். மூலை விடாமல் மெல்லிசாப் பூசுங்கோ. நெல்லளவு காணும். ஹீட்சிங்கில 1, 2, 3, 4 எண்டு இலக்கம் குத்தியிருக்கும், அந்த ஒழுங்கில பாதி பாதியா இறுக்குங்கோ. ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கினா மற்றப்பக்கம் தூக்கி நிக்கும், புதுப் பேஸ்ட்டோடயே 100 பாகை காட்டும். பக்கத்தில இருக்கிற சின்னச் சதுரங்களுக்குச் சாம்பல்நிறப் பட்டி ஒட்டியிருந்தா அதைச் சுரண்டி எறிஞ்சுபோட்டுப் பேஸ்ட் பூசாதேங்கோ, இடைவெளி நிரம்பாது.

ஒட்டுசுட்டான்:
புதுக்குடியிருப்பு, கதை ரெண்டு வரி, உபதேசம் ஒரு முழம். ஆனா இலக்க ஒழுங்கு சரி. ஈரத் துவாய்க்கு மேல வைக்கிறவைக்கும் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஃபான் அந்த ஈரத்தைத்தான் உள்ளுக்கு உறிஞ்சும்.

வவுனிக்குளம்:
உபுண்டு லினக்ஸ். விண்டோஸ்காரரின்ர டாஸ்க் மனேஜர் இஞ்ச உதவாது. டெர்மினலில 'விஏஇன்ஃபோ' அடிச்சு, விபி9 வரிக்கு நேர 'விஎல்டி' எண்டு முடியுதோ பாருங்கோ, முடிஞ்சா வன்பொருள் விரிக்கும். அந்த வரியே இல்லாட்டிப் பிரவுசரைத் திட்டிப் பலனில்லை, டிரைவர்தான். அஞ்சாம் தலைமுறையில இருந்து 'இன்ரெல் மீடியா' டிரைவர், அதுக்குப் பழசுக்கு 'ஐ965'. நான் கண்ட மெசினில பழைய டிரைவரை ஏத்தி விட்டு, விஏஇன்ஃபோவில விபி9 வரி வராமல் போக, சிப் செத்துப்போச்செண்டு முடிவு கட்டியிருந்தினம். எட்டாம் தலைமுறைச் சிப் அது! டிரைவரை மாத்த விபி9 வரி வந்தது. ஃபயர்பொக்ஸ் 115 இல இருந்து இன்ரெல்லுக்கு இது தானா இயங்கும், அதுக்கு முந்தினதை வைச்சு மல்லுக்கட்டாதேங்கோ.

மாங்குளம்:
சூடு எந்த இடத்தில எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை. விசைப்பலகையின்ர மேல்பக்கம் எண்டா நீங்கள் கதைக்கிறதெல்லாம் சரி. உள்ளங்கை வைக்கிற இடம் சுட்டா அது பெரும்பாலும் பற்றரி. இஞ்ச வந்த ஒண்டில டச்பாட் ஒரு பக்கம் எழும்பி, கிளிக் விழாமல் இருந்தது. மூடியைத் திறந்தா பற்றரி அப்பம் போல ஊதி நிக்குது. வீடியோ பார்க்கேக்க எந்த நேரமும் சார்ஜரோட கிடந்த மெசின். ஊதினதைக் குத்தாதேங்கோ, அமத்தி மூடாதேங்கோ. கழட்டி வைச்சுப்போட்டுச் சார்ஜரில மட்டும் ஓட்டுங்கோ, பெரும்பாலான மெசின் ஓடும்.

பரந்தன்:
ஏஎம்டி ரைசன் 5 2500யு. உந்த இன்ரெல் கணக்கு இதுக்கு எப்பிடி?

கரடிப்போக்கு:
விபி9 வன்பொருளில விரியும், ஏவி1 விரியாது. ஏஎம்டி லப்டொப்பில ஏவி1 வந்தது 2022 இல வந்த ரைசன் 6000 வரிசையோட. ஏவி1 ஐ மட்டும் நிப்பாட்டி, பக்கத்தைத் திருப்பி ஏத்திப்போட்டுக் கோடெக்ஸ் வரியில என்ன நிக்குதெண்டு எழுதுங்கோ.

பரந்தன்:
விபி09 எண்டு வருது. ஃபான் சத்தம் குறைஞ்சிட்டுது, ஆனா முழுக்க நிக்கேல்லை.

ஒட்டுசுட்டான்:
மூடியைக் கழட்டுங்கோ.